பெட்டியில் 7 சி.எஃப்.எம், டேங்க்கில் அதில் பாதி: கம்ப்ரசர் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 2 குதிரைத்திறன், 50 லிட்டர் கம்ப்ரசரின் காற்றளவு குறித்த தவறான விளம்பரம் – பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா,

வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் அயனி, பலா, தேக்குப் பலகைகளைக் கொண்டு கதவும் அலமாரியும் செய்து வருகிறேன். மெலமைன் பாலிஷ் அடிப்பதற்காகத்தான் உங்கள் கம்ப்ரசரை நாகர்கோவிலில் வாங்கினேன். என் ஸ்ப்ரே கன்னுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி காற்று வேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. உங்கள் பெட்டியிலோ "7 சி.எஃப்.எம்", அதாவது நிமிடத்துக்கு 7 கன அடி, என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

ஓர் அலமாரிக் கதவை அடித்து முடிப்பதற்குள் அழுத்தம் சரிந்துவிடுகிறது. சீராகப் படிய வேண்டிய பாலிஷ் திப்பித்திப்பியாக விழுந்து, காய்ந்த பிறகு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கிறது. மோட்டாரும் ஓய்வின்றி ஓடிச் சூடேறி, தானாக நின்றுவிடுகிறது. உங்கள் சேவை மையத்தில் கேட்டால், எங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவு என்று பதில் வருகிறது. மோட்டார் ஓடும்போதே மீட்டர் வைத்துப் பார்த்தேன். 225 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

பிறகு டேங்க்கை முழுவதும் காலி செய்து, எல்லா வால்வுகளையும் மூடி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓடவிட்டேன். பிரஷர் கேஜ் முள் 8 பாரைத் தொட 4 நிமிடம் ஆனது. ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். எனவே 50 லிட்டர் டேங்க்கில் 8 பார் ஏற, வெளியிலிருந்து 400 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 100 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால், கிடைப்பது சுமார் மூன்றரை சி.எஃப்.எம். அதுவும் சராசரிதான். அழுத்தம் ஏற ஏற வரத்து இன்னும் குறையும்.

அந்த 7 எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கமே விடை தருகிறது. சிலிண்டர் விட்டம் 48 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 39 மி.மீ., நிமிடத்துக்கு 2,800 சுற்று. பெருக்கிப் பார்த்தால் சரியாக 7 சி.எஃப்.எம். வருகிறது. அது பிஸ்டன் நகரும் இடத்தின் கன அளவு. குழாய் வழியே என் கைக்கு வரும் காற்று அல்ல. வால்வுக் கசிவிலும், சூட்டிலும், சிலிண்டர் தலையில் வெளியேறாமல் தங்கும் காற்றிலும் எவ்வளவு போகும் என்பது எந்தத் தயாரிப்பாளருக்கும் தெரியும். வெளிவரும் காற்றை அளந்து சொல்ல ஐ.எஸ்.ஓ. 1217 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. கம்ப்ரசர் தேர்ந்தெடுக்க வருபவருக்குக் குதிரைத்திறனையும் டேங்க் அளவையும்விட முக்கியமான எண், அப்படி அளந்த காற்றளவுதான். அது உங்கள் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள மாவட்டம் இது. காற்றை இறுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக டேங்க்கில் இறங்கும். அதை வெளியேற்றும் திருகை அடிவயிற்றில் வைக்காமல், பக்கவாட்டில் ஓர் அங்குலம் மேலே வைத்திருக்கிறீர்கள். இயந்திரத்தையே சாய்த்தால்தான் மீதித் தண்ணீர் வருகிறது. வருவதும் துரு கலந்த நீர். அந்த ஈரம் கன் வரை வந்து பாலிஷை வெள்ளை பூக்கச் செய்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 8 பார் அழுத்தத்தைத் தாங்கும், உள்ளே துருப்பிடித்து மெலிந்த டேங்க்கின் அருகில் மனிதர்கள் நின்று வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இயந்திரத்தை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் ஆளை அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது. பழுதான பாகம் எதுவும் இல்லை, அச்சிட்ட எண்தான் தவறு. இனி விற்கும் பெட்டிகளில், எத்தனை பாரில் எவ்வளவு காற்று வெளிவரும் என்பதை அச்சிடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது நகல், கையேட்டின் கடைசிப் பக்கம், டேங்க் நிரம்பும் காணொளி ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்