புனித வின்சென்ட் தே பவுல் சபை, பங்குக் கிளை: 2023-24 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், சபைத் தலைவருக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஏழைக் குடும்பங்களுக்காக நம் கிளைச்சபை செய்த பணிகளை வாசிக்கிறேன்.

வாரக் கூட்டம் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வழக்கம்போல் நடந்தது. வெள்ளம் வந்த வாரங்களில் மட்டும் கூடவில்லை. கூட்ட முடிவில் சுற்றி வரும் ரகசியப் பைதான் இன்றும் நமக்கு முதல் வருமானம். அதில் யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. அதோடு கோயில் வாசல் உண்டியல், பிறந்தநாள் மற்றும் நினைவுநாள் காணிக்கைகள், வெளியூரில் வேலை பார்க்கும் பங்குப் பிள்ளைகள் அனுப்பியது ஆகியவையும் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமமாக இருக்கும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடும். சபை தத்தெடுத்துத் தொடர்ந்து உதவும் குடும்பங்களுக்கு மாதாந்தர அரிசி, பருப்போடு இந்த முறை நோட்டு, பை, சீருடைத் தையல் கூலியும் சேர்த்துக் கொடுத்தோம்.

இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்தது காகித வேலை. அரசு முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. மகளிர் உரிமைத் தொகை செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆனால் நாம் போய்வரும் வீடுகளில் பலருக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர். ஒரு பாட்டிக்குக் கணவர் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு போடவே வழியில்லாமல் வருஷக்கணக்கில் இருந்துவிட்டார். நம் உறுப்பினர்கள் இருவர் அவரோடு விஏஓ அலுவலகம், இ-சேவை மையம், தாலுகா அலுவலகம் என்று ஏறி இறங்கி அதைச் சரிசெய்தார்கள். இப்போது பணம் வங்கிக் கணக்கில் வருகிறது. சபை இவருக்குச் செலவு செய்தது ஆட்டோ வாடகையும் ஜெராக்ஸ் காசும் மட்டும்தான். உரிமைத் தொகை மனு தள்ளுபடியானவர்களுக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருந்தது. அந்த விவரம் தெரியாமலே பலர் அழுதுகொண்டிருந்தார்கள். பங்குச் சாமி அதை ஞாயிறு பூசையில் அறிவித்தது பெரிய உதவி.

அப்புறம் டிசம்பர். 17ஆம் தேதி, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பெய்யத் தொடங்கிய மழையை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர்களைச் சூழ்ந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள்ளும் வெள்ளம் வந்தது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, பால் இல்லை. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மக்களை மீட்டார்கள்.

அந்த நேரத்தில் நமக்குக் கைகொடுத்தது இல்லச் சந்திப்புதான். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு தாத்தா இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்தக் கர்ப்பிணிக்கு நாள் நெருங்கிவிட்டது என்பதெல்லாம் வாராவாரம் இருவர் இருவராகப் போய்வரும் நம் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். போன் வேலை செய்யாத ஊரில் அந்த நினைவை வைத்தே வீடு வீடாகத் தேடிப் போனோம். நிவாரணம் ஏராளமாக வந்தது. அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் மெயின் ரோட்டிலேயே லாரி காலியாகிவிடும். உள் தெருவுக்கு எதுவும் வராது. பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றையும் கோயில் வளாகத்தில் ஆக்கிய சோற்றையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது நம் ஆட்களும் பங்கு இளைஞர்களும்தான். சோறு வாங்கிய வீடுகளில் பாதி நம் பங்கைச் சேர்ந்தவையே அல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் கேக்குக்கும் ஒதுக்கிய பணத்தைப் பாய்க்கும் போர்வைக்கும் திருப்பிவிட்ட பங்குப் பேரவைக்கு நன்றி.

உதவி வாங்குபவர்களை நிற்க வைத்துப் படம் எடுப்பதில்லை என்று வெள்ள நேரத்திலேயே தீர்மானம் போட்டோம். படம் இல்லாமல் கணக்கு எப்படிக் காட்டுவது என்று சிலர் கேட்டார்கள். பில் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கும்படி ஒரு தாயை அரிசிப் பையோடு நிறுத்த வேண்டியதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இருந்த வேலை இன்னும் பெரிது. முந்தைய ஆண்டு ஒரு விதவைச் சகோதரிக்குக் கொடுத்திருந்த தையல் மெஷின் சேற்றில் முங்கிக் கிடந்தது. தோல் பெல்ட் ஊறி இழுத்துவிட்டது, ஊசிக் கம்பி துருவேறி அசையவில்லை. மெக்கானிக்காக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டி ஓட வைத்தார். பொங்கலுக்கு அந்தச் சகோதரி பாவாடை சட்டை தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்.

உப்பளக் குடும்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எப்போதும் அவர்களுக்கு வேலை இருக்காது. அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இந்த முறை அம்பாரமாகக் குவித்திருந்த உப்பும் கரைந்து, பாத்தி வரப்புகளும் உடைந்ததால் வேலை தொடங்கவே தாமதமானது. தை, மாசியிலும் வீட்டில் கூலி இல்லை. ஆகவே பொங்கலோடு நிறுத்தியிருக்க வேண்டிய மளிகை உதவியை மார்ச் கடைசி வரை கொடுத்தோம். உப்புநீரில் நின்று காலில் வெடிப்பும் புண்ணும் வந்த பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறவர்களுக்குக் கண்ணாடி தர வேண்டும் என்பது இன்னும் நிறைவேறவில்லை. அதை வரும் ஆண்டின் முதல் வேலையாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் சபை 1833இல் பாரிஸில் பிறந்தது. தொடங்கியவர்கள் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும். ஓசானாமுக்கு அப்போது 20 வயது. ஏழை வீடுகளுக்கு அவர்களை வழிநடத்தி அனுப்பியவர் ரொசாலி ரெந்து என்ற கன்னியர். இதை நம் பங்கின் கல்லூரிப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றுதான் இங்கே வாசிக்கிறேன். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பானை தூக்கியவர்கள் அவர்கள். ஆனால் வாரக் கூட்டத்தில் இன்னும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். ஞாயிறு டியூஷனும் கிரிக்கெட்டும் இருப்பதால் வர முடியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். சரி, கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றுவோம் என்று செயற்குழு முன்மொழிகிறது. பெண் உறுப்பினர்களும் இன்னும் வேண்டும். தனியாக இருக்கும் சகோதரிகள் வீட்டுக் கஷ்டத்தை ஆண்கள் இருவர் போய்க் கேட்டால் முழுதாகச் சொல்வதில்லை.

சபை விதிப்படி உதவி பெற்றவர் யார் பெயரையும் இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை. நமக்கு ஆலோசகராக இருந்து வழிநடத்திய பங்குத்தந்தைக்கும், அருட்சகோதரிகளுக்கும், கடனுக்குச் சாமான் தந்த மளிகைக் கடைக்காரருக்கும், வாடகை வாங்காமல் வண்டி ஓட்டிய ஆட்டோ தம்பிகளுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். கூட்ட நாள் மாற்றம் பற்றிய தீர்மானத்தை அதன் பிறகு வாக்குக்கு விடலாம்.

செயலாளர்