அந்த இரண்டு நாள் எம்சி: சக மருத்துவர்களுக்கு ஒரு மடல்

சிங்கப்பூரில் கிளினிக் நடத்தும் நண்பர்களே,

வணக்கம். வாசலில் வெளிநாட்டு ஊழியர்களை ஏற்றிய கம்பெனி லாரி வந்து நிற்கும் வட்டாரங்களில் தொழில் செய்கிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அமைச்சுக்கு எழுதலாமே என்றார் என் மனைவி. சட்டத்தில் செய்யவேண்டியதில் பெரும்பகுதியை அவர்கள் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாம் எழுதிக்கொடுக்கும் எம்சியில், அந்த மருத்துவ விடுப்புச் சீட்டில்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளினிக்கில் விடுப்பில் போன மருத்துவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன், 23 வயது. இரும்புத் தகடு விழுந்து இடதுகை நடுவிரல் நுனி நசுங்கியிருந்தது. கூடவே சூப்பர்வைசர். நான் பையனைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். தையல் போட்டு முடித்ததும், “ரெண்டு நாள் எம்சி, அப்புறம் லைட் டூட்டி போட்டுருங்க டாக்டர், போதும்” என்றார். போட்டேன். வெளியே கூட்டம் காத்திருந்தது.

ஆறாம் நாள் பையன் தனியாக வந்தான். கட்டு சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகியிருந்தது. சிமெண்ட். உப்புநீரில் வெகுநேரம் ஊறவைத்த பிறகுதான் பிரிக்க முடிந்தது. உள்ளே விரல் வீங்கிப் பழுத்து, தையல் ஓரமெல்லாம் சீழ்.

“லைட் டூட்டின்னுதானே எழுதினேன் தம்பி?”

“ஆமா சார். மூட்டை தூக்க வேணாம்னுட்டாங்க. கலவை மட்டும்தான் அள்ளுனேன்.”

குறைசொல்லும் குரலே இல்லை. மருத்துவமனைக்கு அனுப்பினேன். நுனிக் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசரைக் கோபித்து என்ன பயன்? அவரும் 15 ஆண்டுகளுக்கு முன் அதே லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து வந்தவர்தான். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அது ஏன் இரண்டு நாள்? அப்போதிருந்த விதிப்படி, காயம்பட்டவர் மருத்துவமனையில் தங்கவில்லை என்றால், எம்சி மூன்று நாளைத் தாண்டினால்தான் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தகவல் தரவேண்டும். இரண்டு நாளும் லைட் டூட்டியும் என்றால் அந்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது. நம்மை யாரும் மிரட்டியதில்லை, லஞ்சம் கொடுத்ததில்லை. பில் கம்பெனிக்குப் போகிறது. நாம் தாராளமாக எம்சி கொடுத்தால் அடுத்த மாதம் லாரி வேறு கிளினிக்குக்குப் போய்விடும். எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை.

2016ஆம் ஆண்டு வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். கையெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட கட்டுமான ஊழியருக்கு இரண்டு நாள் எம்சியும் அதன்பின் லைட் டூட்டியும் எழுதிய மருத்துவருக்கு, மூன்று நீதிபதிகள் அமர்ந்த நீதிமன்றம் ஆறு மாதம் தொழில்தடை விதித்தது. ஓய்வெடுக்கவும் இலகுவான வேலை பார்க்கவும் நோயாளிக்கு உண்மையில் வசதி இருக்கிறதா என்று விசாரிப்பதும் மருத்துவர் கடமை என்றது அந்தத் தீர்ப்பு. 2020 செப்டம்பர் முதல் சட்டமும் மாறியது. வேலையிடக் காயத்துக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் முதலாளி தெரிவித்தாக வேண்டும்; இழப்பீடு தரவேண்டும்.

ஓட்டை அடைபட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது என் அறையில் வேறு பேச்சு கேட்கிறது: “விடுதி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர், அப்படியே எழுதிருங்க.” ஊழியர் விடுதியில் விழுந்ததாக எழுதிவிட்டால் அது வேலையிடக் காயம் ஆகாது; தெரிவிக்கவும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம். பையன் தரையைப் பார்க்கிறான். ஊரில் அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. வேலை அனுமதி அந்த முதலாளி பெயரோடு கட்டிப்போட்டிருக்கிறது. அவன் வாயைத் திறப்பான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அவனுக்கு இங்கே வாக்குரிமை இல்லை. அவனுக்காகத் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்க்கவும் ஆளில்லை. அவன் உடல்நிலை நம் எல்லோரையும் தொடுகிறது என்பதைக் கோவிட் கிருமித்தொற்று வந்துதான் காட்டியது. 2020 முடிவதற்குள், விடுதிகளில் இருந்த சுமார் 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று கண்டிருந்தது. பிறகு நல்லவை நடந்தன, மறுக்கவில்லை. 2022 முதல் விடுதி ஊழியர்கள் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து மருத்துவரைப் பார்க்கலாம். 2023 ஜூலையில் கட்டாய மருத்துவக் காப்புறுதி 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் கதவைச் சாத்திய அறைக்குள் மூன்று பேர் இருக்கும்போது, யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதைக் காப்புறுதி தீர்மானிப்பதில்லை.

ஆகவே கேட்கிறேன். கூட வந்தவரை மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த நாம் தமிழில் கேட்போம். பங்களாதேஷ் ஊழியர் என்றால் மொழி தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடிப்போம், சூப்பர்வைசரை மொழிபெயர்க்க விடவேண்டாம். எப்படி அடிபட்டது என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். எந்தக் கட்டிலில் படுக்கிறான் என்றும் கேளுங்கள். மேல்கட்டில் என்றால் ஒற்றைக் கையால் ஏணி ஏற முடியாது. விடியுமுன் எழுந்து, கேட்டரிங் பொட்டலத்தோடு லாரியில் ஏறி, வேலையிடத்தில் ஒரு மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு லைட் டூட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் பிள்ளைக்கு இதே விரல் நசுங்கியிருந்தால் எத்தனை நாள் எழுதுவோமோ, அத்தனை நாள் எழுதுங்கள்.

நான் இப்படிச் செய்யத் தொடங்கியபின் இரண்டு கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வருமானம் குறைந்தது உண்மை. கிளினிக் நடக்கிறது.

என் அறைக் கதவில் தமிழ், வங்காளம், சீனம், ஆங்கிலம் நான்கிலும் ஒரு வரி ஒட்டியிருக்கிறேன்: ‘டாக்டர் கூப்பிடும்போது நோயாளி மட்டும் உள்ளே வரவும்.’ வேண்டுவோர் வந்து படியெடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்