ஏஐ ப்ராஜெக்டை நடத்துகிறவருக்கு முதலில் அளக்கத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஏஐ பற்றி வருகிற கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். எந்தக் கருவியைக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும், சாட்ஜிபிடியிடம் எப்படிக் கேட்டால் நல்ல பதில் வரும் என்பதோடு பெரும்பாலும் அவை முடிந்துவிடுகின்றன. மாணவர்களுக்கு அது பயன்படலாம். ஆனால் என்னைப் போல ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்துகொண்டு, திடீரென்று ஏஐ ப்ராஜெக்ட் ஒன்று தலையில் வந்து விழுந்தவர்களுக்கு அதில் கைகொடுக்க எதுவும் இல்லை. எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அளக்கத் தெரிவது. மாடல், அதாவது பழைய தகவல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பதில் சொல்கிற ஏஐ ப்ரோக்ராம், எவ்வளவு சரியாக வேலை செய்கிறது, எங்கே தவறு செய்கிறது, அந்தத் தவறால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டு, எண்ணாகப் பதில் வாங்கத் தெரிய வேண்டும். நான் பார்த்த பயிற்சி வகுப்புகள் எதிலும் இதை அழுத்திச் சொல்லவில்லை.

வழக்கமான மென்பொருளில் வேலை முடிந்ததா இல்லையா என்பதில் பெரிய குழப்பம் வராது. வட்டிக் கணக்குப் போடும் ப்ரோக்ராம் என்றால் தொகையும் நாளும் கொடுத்தால் ஒரே விடைதான் வர வேண்டும், வந்தால் பாஸ், வராவிட்டால் பக், அதாவது பிழை, டெஸ்டிங் டீம் சரி என்று சொன்னால் கிளையன்டும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஏஐ மாடல் அப்படி இல்லை. ஒரே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் மாறுகிறது, சில சமயம் மாற்றாமல் கேட்டாலும் மாறுகிறது. நூற்றுக்கு நூறு சரியாக வராது என்று தெரிந்துதான் வேலையையே ஆரம்பிக்கிறோம். அப்படியென்றால் எவ்வளவு சரியாக வந்தால் ஏற்றுக்கொள்வது? இந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதாமல் வேலையை எடுத்துவிட்டு, கடைசியில் "நாங்க எதிர்பார்த்த மாதிரி இல்லையே" என்று கிளையன்ட் சொல்லும்போது மேனேஜரிடம் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

அந்த எண்ணையும் சும்மா "95 சதவீதம்" என்று எழுதிவிட முடியாது. மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களில் மோசடியைக் கண்டுபிடிக்கும் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 கிளெய்மில் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். எதையுமே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "மோசடி இல்லை" என்று சொல்கிற மாடல்கூட 99 சதவீதம் சரி என்றுதான் கணக்கு காட்டும், ஆனால் ஒரு மோசடியைக்கூடப் பிடித்திருக்காது. ஆகவே மேனேஜர் கேட்க வேண்டியவை வேறு. இருக்கிற 100 மோசடியில் எத்தனையைப் பிடித்தது? மோசடி என்று அது கைகாட்டியதில் எத்தனை உண்மையிலேயே மோசடி? முதல் எண் குறைந்தால் நிறுவனத்தின் பணம் மோசடிக்காரர்களுக்குப் போகும். இரண்டாவது குறைந்தால், அறுவை சிகிச்சை முடிந்தும் பில் கட்ட வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஒரு நேர்மையான குடும்பத்தின் கிளெய்ம் முடங்கும். இதில் எதை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பதை மாடலைத் தயாரிக்கிற டேட்டா சயின்டிஸ்ட் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. கிளெய்ம் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களும் அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர்களும்தான் சொல்ல வேண்டும், அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து அந்தப் பதிலை வாங்குவது மேனேஜரின் வேலை. இதற்குக் கணிதப் பட்டம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சதவீதக் கணக்கும், விடாமல் கேட்கிற பிடிவாதமும் போதும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. செப்சிஸ் என்பது தொற்றினால் உடல் உறுப்புகளே செயலிழக்கும் ஆபத்தான நிலை. அதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல, அமெரிக்காவில் எபிக் என்ற நிறுவனம் தயாரித்த மாடல் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து அதைச் சோதித்து, 2021-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. இன்னொரு பக்கம், அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது, அதாவது மருத்துவர்களும் நர்ஸ்களும் வேண்டாத எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகிற நிலை. தயாரித்தவர்கள் சொன்ன எண் ஒன்று, அந்த மருத்துவமனையில் வந்த எண் வேறு. நம் இடத்தில், நம் ஆட்களை வைத்து மறுபடி அளக்காமல் விற்பவர் கொடுத்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஆளுக்குப் பதிலாகத் தமிழில் பேசும் ஏஐ ப்ரோக்ராம், அதாவது வாய்ஸ் பாட், வேண்டும் என்று வங்கிகளும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் கேட்கின்றன. டெமோவின்போது ஏ.சி. அறையில், நல்ல மைக்கில், "எனது கடன் நிலுவைத் தொகை எவ்வளவு?" என்று யாராவது கேட்பார்கள், பாட் அழகாகப் பதில் சொல்லும், எல்லோரும் கைதட்டுவார்கள். உண்மையில் போன் பண்ணுகிற யாரும் அப்படிப் பேசுவதில்லை. கோயம்புத்தூர்க்காரர் "போன மாசமே டியூ கட்டிட்டனுங்க, மறுபடியும் மெசேஜ் வருது" என்பார், திருநெல்வேலிக்காரர் "கட்டியாச்சுல்லா" என்பார், ஒருவர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பேசுவார், இன்னொருவர் பாதி இங்கிலீஷில், பாதி கோபத்தில் பேசுவார், வயதானவர்கள் விஷயத்துக்கு வரவே இரண்டு நிமிடம் ஆகும். "கட்டிட்டேன்" என்பதை "கட்டிடறேன்" என்று பாட் புரிந்துகொண்டால், ஏற்கெனவே பணம் கட்டியவரை வசூல் பட்டியலில் சேர்த்துவிடும். அப்புறம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது வசூல் ஏஜென்ட், நம் டீமில் யாரும் அங்கே நிற்கப்போவதில்லை.

ஆகவே சோதனைக்கான பேச்சுகளை உண்மையான அழைப்புகளிலிருந்து, வாடிக்கையாளர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அந்தந்த மாவட்டங்களிலிருந்து, எடுக்க வேண்டும். அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சரியான பொருளைக் குறித்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட வாரியாக, வயது வாரியாக எவ்வளவு சரியாக வருகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தச் சராசரி நன்றாகவே இருந்துகொண்டு ஒரு மாவட்டத்துக்காரர்களை மட்டும் மோசமாக நடத்த முடியும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், வாரக்கணக்கில் நேரம் வேண்டும், பணம் வேண்டும். நான் பார்த்த பல ப்ராஜெக்ட் பிளான்களில் மாடல் செய்ய நாள் ஒதுக்கியிருக்கும், இந்த வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியை முதல் நாளிலேயே சேர்த்து, கிளையன்டிடம் பேசி, அதற்குப் பணம் வாங்குகிறவர்தான் நல்ல மேனேஜர் என்பேன்.

அழைப்புகளை எடுப்பது என்றதும் இன்னொன்று வருகிறது. அது வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல். நம் நாட்டில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகளை 2025 நவம்பரில் அறிவித்தார்கள், அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எந்தத் தகவலை எதற்காக வாங்கினோம், அதை மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்த ஒப்புதல் இருக்கிறதா என்பதை சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. டீமில் இருக்கிறவர்கள் எதை எந்தக் கருவியில் ஒட்டலாம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சாம்சங் நிறுவனத்தில் ஊழியர்கள் மென்பொருளின் மூல வரிகளையே (சோர்ஸ் கோட்) சாட்ஜிபிடியில் போட்டதால் 2023-இல் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது.

இப்போது எஸ்டிமேட் பற்றி, அதாவது எவ்வளவு நாள், எவ்வளவு பணம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்வது பற்றி. "ஏஐ இருக்கிறதே, அப்படியென்றால் விலையைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள்" என்று கிளையன்ட் கேட்கிறார், விற்பனைப் பிரிவும் தலையாட்டிவிடுகிறது. எவ்வளவு குறையும் என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். எம்.ஈ.டி.ஆர். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனையை எல்லா மேனேஜர்களும் படிக்க வேண்டும். அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள், அவர்களுக்கு நன்றாகப் பழகிய கோடில், 246 வேலைகள், சிலவற்றில் ஏஐ உண்டு, சிலவற்றில் இல்லை. ஏஐ இருந்தால் நேரம் 24 சதவீதம் குறையும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் குறைந்ததாகவே நினைத்தார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் 19 சதவீதம் கூடியிருந்தது. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. புதிய கோட் எழுதும்போது, டாக்குமென்ட் தயாரிக்கும்போது நேரம் நன்றாகவே மிச்சமாவதை நானே பார்க்கிறேன். ஆனால் வேலை செய்தவரின் உணர்வே இவ்வளவு தூரம் தப்பாக இருக்க முடியும் என்றால், "டீம்ல எல்லாரும் வேகமா இருக்குன்னு சொல்றாங்க" என்பதை நம்பி விலை குறிக்கக் கூடாது. ஏஐ வருவதற்கு முன்பு அதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற பழைய பதிவு கையில் இருக்க வேண்டும். ஏஐ எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிற நேரத்தையும் டைம்ஷீட்டில் தனியாக எழுத வைக்க வேண்டும்.

பொறுப்பு விஷயத்தில் ஏர் கனடா வழக்கு போதும். பாட்டி இறந்துபோனதற்காக அவசரமாகப் பயணம் செய்தவரிடம், துக்கத்துக்கான கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த விமான நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியதை பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தானாகவே வேலை செய்கிற ஏஐ ஏஜென்ட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025 ஜூலையில், மென்பொருள் எழுத உதவும் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தும் ஒரு தொழில்முனைவோரின் லைவ் டேட்டாபேஸை, அதாவது பயன்பாட்டில் இருந்த தகவல் தொகுப்பை, அழித்தது, நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வாயால் சொல்லி வைப்பது போதாது, அழிக்கிற உரிமையையே கொடுக்காமல் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் மனிதர் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும், அந்த மனிதர் யார், அவருக்குப் பார்ப்பதற்கு உண்மையிலேயே நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் மேனேஜர் எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பதில்களை ஒருவர் தலையில் கட்டிவிட்டு "மனிதர் சரிபார்க்கிறார்" என்று எழுதிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்புறம் டீமில் இருக்கிற மனிதர்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, குறைப்பதாகவும் அதில் பெரும்பாலானோர் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள் என்றும் அறிவித்தது. ஏஐ அதற்குக் காரணம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் சோழிங்கநல்லூர் முதல் சிறுசேரி வரை அந்த வாரம் இருந்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பயத்தில் இருக்கிற டெஸ்டர் மாடலின் தவறுகளைத் தேடிப் பிடித்துச் சொல்வாரா? தவறு சொன்னால் ஏஐக்கு எதிரானவர் என்று பெயர் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வார். தவறைக் கொண்டுவருகிறவரைப் பாராட்டுகிற பழக்கத்தை மேனேஜர்தான் முதலில் காட்ட வேண்டும். புதிதாகச் சேரும் ஃப்ரெஷர்களுக்கும் சில வேலைகளை ஏஐ இல்லாமலே செய்யச் சொல்லி நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஐ கொடுத்ததில் எது தவறு என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் சில வருடத்தில் எங்கிருந்து வருவார்கள்?

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஏதாவது நிறுவனம் ஏஐ வைத்து இவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று உங்கள் நிருபரிடம் சொன்னால், முன்பு எவ்வளவு இருந்தது, எதை வைத்து அளந்தீர்கள், தவறான பதில் எத்தனை, அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு அந்தப் பதில்களையும் சேர்த்து அச்சிடுங்கள். பதில் இல்லை என்றால் பதில் தரவில்லை என்றாவது போடுங்கள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் கால் சென்டரிலும் கிளெய்ம் பிரிவிலும் இந்த மாடல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களை எழுத வையுங்கள், அவர்கள் சொல்வதைப் படிக்க என்னைப் போன்ற மேனேஜர்கள் பலர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர்,
சோழிங்கநல்லூர், சென்னை.