விழிப்புணர்வு உரைக்கு முன் சிகிச்சைக்கு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடப்பது, உண்டதை வாந்தி எடுப்பது போன்ற உண்ணல் கோளாறுகளைத் தடுக்க வட்டாரந்தோறும் திட்டம் வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. பள்ளிகளில் விழிப்புணர்வு உரையோடு தொடங்கலாம் என்கிறதே, அங்கேதான் இடிக்கிறது.

இத்துறையில் அந்த உரைக்கு நல்ல பெயர் இல்லை. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயிலிருந்து மீண்ட மாணவிகளையே கல்லூரி முதலாண்டு மாணவிகளிடம் பேச வைத்தார்கள். பிறகு பார்த்தால், கேட்டவர்களிடம் அறிகுறிகள் கேட்காதவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தன. இந்த நோயைப் பற்றிப் பேசும் கூச்சத்தைப் போக்கப் போய், இது பலரும் செய்வதுதான் என்ற எண்ணத்தை விதைத்திருக்கலாம். எடை, கலோரி எண்கள், முன்–பின் படங்கள், எப்படி மறைத்தேன் என்ற கதைகள் எதுவும் வகுப்பறைக்குள் வரக் கூடாது.

நன்கு சோதிக்கப்பட்ட தடுப்பு முறை 'பாடி ப்ராஜெக்ட்'. சிறு குழு, வழக்கமாக ஒரு மணி நேர அமர்வுகள் நான்கு. ஒல்லிதான் அழகு என்ற கருத்தை எதிர்த்துப் பங்கேற்பவர்களே பேசுவார்கள், எழுதுவார்கள், நடித்துக் காட்டுவார்கள். தன் வாயால் மறுத்ததைப் பழையபடி நம்ப மனம் சங்கடப்படும், சூட்சுமம் அதுதான். நடத்துபவர் உரையாற்ற ஆரம்பித்தால் காரியம் கெட்டது.

இதற்கும் முன்னால் சிகிச்சைக்கு வழி இருக்க வேண்டும். பள்ளிப் பள்ளியாகச் சென்று நோயாளிகளைக் கண்டுபிடித்துவிட்டு, ஆறு மாதம் காத்திருங்கள் என்று சொல்வதைவிடக் கண்டுபிடிக்காமலே இருக்கலாம். 2014-இல் லண்டனில் தொடங்கிய 'ஃப்ரீட்' திட்டம் 16 முதல் 25 வயதுக்குள், நோய் தொடங்கி மூன்றாண்டு ஆகாதவர்களுக்கானது. பரிந்துரை வந்த 48 மணி நேரத்துக்குள் தொலைபேசி அழைப்பு, இரண்டு வாரத்துக்குள் முழு மதிப்பீடு, நான்கு வாரத்துக்குள் சிகிச்சை என்பது அதன் இலக்கு. அந்த முதல் அழைப்பை, தேதி மட்டும் சொல்லி வைத்துவிடும் வரவேற்பாளரிடம் விடக் கூடாது. சிகிச்சை தருபவரே பேச வேண்டும். உதவி வேண்டும் என்று இன்று தலையாட்டியவர் அடுத்த வாரம் எனக்கு ஒன்றுமில்லை என்பார். இந்த நோயின் குணம் அது.

முதலில் பயிற்சி தர வேண்டியது குடும்ப மருத்துவர்களுக்கு. 'ஸ்காஃப்' எனப்படும் ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு 'ஆம்' வந்தால் சந்தேகிக்க வேண்டும். அது நோய் நிர்ணயம் ஆகாது. அதில் எடை இழப்பு பற்றிய கேள்வி வளரும் பிள்ளைகளுக்குப் போதாது. கூட வேண்டிய எடை கூடாமல் நிற்பதே அவர்களுக்கு இழப்புதான். முந்தைய ஆண்டுகளின் வளர்ச்சி வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கோடு எங்கே வளைந்தது என்று தெரிந்துவிடும்.

அதிகம் நடக்கும் பிழை, 'ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அனுப்பிவிடுவது. கடுமையாக மெலிந்தவரிடமும் முடிவுகள் கடைசிவரை இயல்பாக இருக்கலாம். பகலில் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருக்கிறதா, படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஈசிஜியும், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் உப்புகளின் அளவும் தேவை. உடற்பயிற்சி செய்கிற பையனின் மெதுவான துடிப்பை 'விளையாட்டு வீரர் இதயம்' என்று விட்டுவிடுகிறார்கள். உடல் பருமனாக இருந்து வேகமாக இளைத்தவரைப் பாராட்டியே அனுப்பிவிடுகிறார்கள். எடை இயந்திரத்தின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; அது எப்படி ஏமாற்றும் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை, மறைக்கும் கதைகள் கூடாது என்று மேலே சொன்னதுதான் காரணம்.

பல் மருத்துவர்களை யாரும் நினைப்பதில்லை. மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் எனாமல் தேய்ந்திருந்தால், அடிக்கடி வாந்தி எடுப்பதை முதலில் கவனிப்பவர் அவராக இருக்கலாம். அவருக்குத் தேவை சுவரொட்டி அல்ல. யாரை அழைப்பது என்று ஒரே ஒரு எண்.

வட்டார மருத்துவமனையில் உள்நோயாளிப் பிரிவும் தயாராக இருக்க வேண்டும். நெடுநாள் உண்ணாதவருக்கு உணவு தொடங்கும் முதல் சில நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நிற்கலாம். தயமின் (வைட்டமின் பி1) முன்கூட்டியே தர வேண்டும், தினமும் ரத்தம் பார்க்க வேண்டும். அந்தப் பயத்திலேயே உணவைக் கூட்டாமல் நாட்களை ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து.

பிள்ளைகளைப் பொறுத்தவரை பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், உணவுப் பொறுப்பை அவர்கள் கையிலேயே கொடுக்கும் குடும்பவழிச் சிகிச்சைதான் முதல் தேர்வு. இரண்டு நாள் பயிலரங்கில் அது வராது. தொடர்ந்து வாராவாரம் அனுபவமுள்ளவர் உடனிருந்து வழிகாட்ட வேண்டும். திட்ட மதிப்பீடுகளில் முதலில் வெட்டப்படுவதும் இந்தச் செலவுதான்.

ஆண்டறிக்கையில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்ற கணக்கு வேண்டாம். முதல் அறிகுறியிலிருந்து பரிந்துரை வரை எத்தனை மாதம், பரிந்துரையிலிருந்து சிகிச்சை வரை எத்தனை நாள், 48 மணி நேர அழைப்பு எத்தனை பேருக்குத் தவறியது என்று அச்சிடட்டும்.

இப்படிக்கு,
உண்ணல் கோளாறு சிகிச்சைக் குழுவில் பணிபுரியும் ஒரு வாசகர்