திருவொற்றியூரிலிருந்து அப்பா எழுதுவது

பாப்பாவுக்கு,

போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்டபிறகு எனக்குப் பேச்சு வருவதில்லை. நீயும் "ம்" என்று நிறுத்திக்கொள்கிறாய். உடனே அம்மா போனை வாங்கிவிடுகிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்ட துக்கத்தில், போன வாரம் அம்மாவிடம் கேட்டாயாம்: "ஐந்து மாதமும் தவறாமல் விளக்கேற்றினேனே, அன்றைக்கு மட்டும் சாமி எங்கே போயிருந்தது?" அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாக அடுப்படியில் நின்றபடியே அழுதாள்.

முதலில் ஒன்று. முன்வினை என்றும், எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. உறவுக்காரர்களாக இருந்தாலும் சரிதான். வார்டில் நின்றது, இரவு டியூட்டி பார்த்தது எதுவும் காரணமில்லை என்று உன் டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். நர்ஸ் வேலை பார்க்கும் உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்கிற கடவுளை நான் கும்பிட்டதில்லை. இனியும் கும்பிடமாட்டேன்.

நான் கும்பிடுகிறவர் எப்படிப்பட்டவர் என்பது நம் கோயில் மகிழமரத்தடியில் தொடங்கும் கதையில் இருக்கிறது. பாதிக் கதை உனக்குத் தெரியும். சிவனுக்குத் தோழரான சுந்தரர் இங்கே சங்கிலியார் என்ற பெண்ணைக் கண்டு மணக்க விரும்பினார், "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது. சன்னதியில் சத்தியம் செய்ய அஞ்சி, அந்த நேரம் மட்டும் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனையே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் கனவில் வந்து, "மகிழடியிலேயே சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்க என் தோளில் உட்கார்ந்து வந்தவள் நீ. சாமி தோழனையே மாட்டிவிட்டது என்று அப்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மீதிக் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. வசந்தம் வந்ததும் சுந்தரருக்குத் திருவாரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் இருண்டன. வழி தெரியாமல் தடுமாறித் திருவெண்பாக்கம் சென்றார். கோயில் முன் நின்று, "உள்ளே இருக்கிறீரா?" என்று கேட்டார். உன் கேள்விதான், பாப்பா. உள்ளிருந்து பதில் வந்தது: "இருக்கிறோம், நீ போ." கூடவே ஊன்றிக்கொள்ள ஒரு கோலும் கிடைத்தது. கண் கிடைக்கவில்லை. இடக்கண் பிறகு காஞ்சிபுரத்திலும், வலக்கண் திருவாரூரிலும்தான் கிடைத்தன. காஞ்சிபுரம்வரை கோலை ஊன்றித்தான் நடந்தார்.

அவர் ஏன் கண்ணிழந்தார் என்பதை உன்னோடு பொருத்திப் பார்க்காதே. அவர் வாக்குத் தவறியவர், நீ எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தப் பதிலும் கோலும்தான் உனக்கு. அவரும் பணிந்து போய்விடவில்லை. ஆத்திரத்தில் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அங்கே சொல்வார்கள். இன்றும் அந்த நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது. கோபப்பட்டவரை இறைவன் கைவிடவில்லையே. நீயும் கோபப்படு. விளக்கேற்ற மனமில்லை என்றால் ஏற்றாதே, இங்கே அம்மா ஏற்றுகிறாள்.

திருவெண்பாக்கத்தின் அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரிக்குள் இருக்கிறது. 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. சாமியைக் கரைக்குக் கொண்டுவந்து வேறு கோயில் கட்டினார்கள். அணையைத் தாண்டும் கொசஸ்தலை ஆறு நம் எண்ணூரில்தான் கடலில் சேருகிறது. முகத்துவாரப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில் நினைவுக்கு வரும்.

இதைப் படித்தும் கேட்டும் மட்டும் நான் நம்பவில்லை. நீ ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்த அன்று, வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். சாமி எங்கே என்று அன்று நான் தேடவில்லை, தேடத் தோன்றவுமில்லை. உன் இரண்டாம் வகுப்பில் எங்கள் ஆலையைப் பூட்டினார்கள். வாங்கவேண்டிய பணம் எதுவும் வரவில்லை. பல மாதங்கள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, உனக்குத் தெரியக்கூடாதென்று, கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆலை திறக்கவேண்டும் என்று வேண்டினேன். அது திறக்கவேயில்லை. ஆனால் ஒருநாள் மளிகைக்கடை பாய், பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், புது நோட்டில் என் பெயரை எழுதி அரிசியை நிறுத்தார். அம்மாவுக்குத் தையல் மிஷினைக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, வாடகை கேட்கவேயில்லை. எனக்குத் துறைமுகத்தில் கூலி வேலை கிடைக்கும்வரை இந்த இரண்டையும் ஊன்றித்தான் நம் வீடு நின்றது. அவர்களை யார் அனுப்பினார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

குழந்தை போன அன்றிரவு உன்னோடு ஆஸ்பத்திரியில் படுத்து, மறுநாள் கஞ்சி வைத்துக் கொடுத்த மலையாளத் தோழியைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். டப்ளினில் யாரையும் தெரியாது என்று நீ அழுதுகொண்டு போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று சாமி எங்கே என்று கேட்டாயே, அந்தப் பெண் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாளே, பாப்பா.

நம் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் களைவார்கள். மற்ற நாளெல்லாம் கவசத்தைத்தான் பார்க்கிறோம். அதற்காக யாரும் வராமல் இருக்கிறார்களா? வடிவுடையம்மன் சன்னதியில் வெள்ளிக்கிழமை நிற்க இடம் கிடைப்பதில்லை. இந்த வெள்ளி அம்மாவும் நானும் போய், பிறக்காமல் போன அந்தக் குழந்தைக்காக ஒரு விளக்கு வைத்தோம். பெயர் கேட்டபோது அர்ச்சகரிடம் "எங்கள் பேரப்பிள்ளை" என்றுமட்டும் சொன்னேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அதற்கும் ஒரு தாத்தா பாட்டி உண்டு என்பது உனக்குத் தெரியவேண்டும்.

மாப்பிள்ளையைத் தனியாக விட்டுவிடாதே. ஆண்பிள்ளை என்று அவரிடம் யாரும் துக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். நான் நாளை பேசுகிறேன்.

அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று மாப்பிள்ளையை அனுப்பச் சொல். பூண்டு லேகியம் கிளறித் தரவேண்டும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். விமானத்தில் எவ்வளவு கொண்டுவர விடுவார்கள் என்று கேட்டு எழுது. இங்கே நள்ளிரவாக இருந்தாலும் அழவேண்டும் போலிருந்தால் கூப்பிடு, நான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா