பெங்களூரின் அனலிட்டிக்ஸ் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் டேட்டா குழுக்களை நடத்தும் தமிழ் மேனேஜர்களுக்கு வணக்கம்.

ப்ராஜெக்ட் பிளானில் கணிப்பு மாடலுக்கு இத்தனை வாரம், டாஷ்போர்டுக்கு இத்தனை வாரம் என்று எழுதுகிறீர்கள். டேட்டா கிளீனிங்குக்கு, அதாவது டேட்டாவில் உள்ள தவறுகளையும் இரட்டைப் பதிவுகளையும் சரிசெய்யும் வேலைக்கு, ஒரு வரிகூட இருப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் "கொஞ்சம் கிளீன் பண்ணிடுப்பா" என்று தள்ளிவிடுகிறீர்கள். அப்ரைசலில் அந்த உழைப்பு கணக்கிலேயே வராது. இதை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ இனிஷியல். ஒரே ஆள் ஒரு டேபிளில் 'எஸ். முருகன்', அடுத்ததில் 'முருகன் எஸ்', பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்த இடத்தில் 'முருகன் சுப்பையா'. லட்சுமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! அந்த மூன்று முருகன்களையும் தனித்தனி வாடிக்கையாளராக எண்ணினால் கணக்கு பொய். அதற்குப் பயந்து பெயர் ஒத்தவர்களையெல்லாம் ஒன்றாக்கினால் அதைவிடக் கேடு: யாரோ கட்டாத தவணை இன்னொருவர் தலையில் விழுந்து, அவருக்கு லோன் கிடைக்காமல் போகும். பிறந்த தேதியை நம்புவதா, மொபைல் எண்ணையா? குடும்பமே ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால்? இதைத் தீர்மானிக்க அனுபவம் வேண்டும், நம் பெயர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

தேதிகள் இன்னும் மோசம். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா? தப்பாகப் படித்தாலும் கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டாது.

2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். மிஞ்சியவை விடுபட்டதால் 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. உள்ளே வந்த வரிசைகளின் எண்ணிக்கையையும் வெளியே போனவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது கிளீனிங்கின் முதல் பாடம். அதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த பிளானில் கிளீனிங்குக்கென்று நாள் ஒதுக்குங்கள். எந்த வரிசைகளை நீக்கினோம், எவற்றை இணைத்தோம், ஏன் என்ற பதிவை ரிப்போர்ட்டோடு கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள். வெற்று இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பினார்களா என்று கட்டாயம் பாருங்கள்; சராசரி சரிவதற்கு அதுவே போதும். கிளையன்ட் அவசரப்படுத்தினால் மாடலின் நாட்களைக் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள். அப்ரைசல் படிவத்தில் இந்த வேலைக்கும் ஒரு கட்டம் போட்டு, செய்தவர் பெயரை உங்கள் மேலதிகாரிக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெங்களூரில் டேட்டா வேலை பார்க்கும் ஒரு தமிழர்