கல் நடும் முன் பெயரைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள், 16 (1971 போரின்) வெற்றி நாள் என்று தேதிகள் நெருங்கும்போது ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கத்து ஊர்களில் போரில் உயிர்விட்ட படைவீரர்களுக்கு நினைவுக் கல் நடும் செய்திகள் தங்கள் நாளிதழில் வருகின்றன. ஊர்க்காரர்கள் தாமாக முன்வந்து செய்வது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் எழுதப்படுவது பல இடங்களில் தவறாகவோ அரைகுறையாகவோ இருக்கிறது. கல்லில் வெட்டிய தவறை அடுத்த தலைமுறை உண்மை என்றே படிக்கும் என்பதால் இதை எழுதுகிறோம்.

அடிக்கடி பார்க்கும் தவறு, வடக்கே எங்கே இறந்திருந்தாலும் "கார்கில் போரில் வீரமரணம்" என்று எழுதிவிடுவது. கார்கில் சண்டை நடந்தது 1999 மே முதல் ஜூலை வரை. அதற்கு முன்னும் பின்னும் காஷ்மீரில் தீவிரவாதிகளோடு மோதி இறந்தவர்கள் உண்டு, சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்தவர்கள் உண்டு. அவரவர் உயிர்விட்ட இடத்தை அவரவர் பெயரோடு எழுதுவதே முறை. இன்னொரு தவறு தேதி. தந்தி வந்த நாளையே குடும்பம் இறந்த நாளாகத் திதி கொடுத்து வந்திருக்கும்; உண்மையில் அவர் சில நாள் முன்பே இறந்திருப்பார். திதியை மாற்றச் சொல்லவில்லை. கல்லில் மட்டும் படைப்பதிவில் உள்ள தேதி வர வேண்டும்.

கொங்கு நாட்டில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் ஆநிரையை மீட்கும்போது பட்டான், அவன் பெயர் என்ன என்பதையெல்லாம் எழுத்துள்ள கற்கள் நாலைந்து வரியில் சொல்லிவிடுகின்றன. இன்றைய கல்லுக்கும் அந்த ஒழுங்கு போதும்: படை எண், பதவி, முழுப்பெயர், தகப்பனார் பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், தேதி. உபயதாரர் பெயர்களைக் கல்லின் பின்பக்கம் சிறியதாகப் போடலாம். இறந்தவர் பெயரைவிட அவை பெரிதாக இருப்பது எங்களுக்கு வலிக்கிறது.

விவரம் தேடுவதை வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வூதிய ஆணை, ரெஜிமென்ட்டிலிருந்து வந்த இரங்கல் கடிதம், பழைய தந்தி, இவற்றில் ஒன்றிலாவது படை எண் இருக்கும். காகிதம் எல்லாம் போய்விட்டது என்றால் பதக்கத்தைப் பாருங்கள். வட்டப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்துதான் மழுங்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஏழெட்டுப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஒரு எச்சரிக்கை: நாயப் சுபேதாராக, அதாவது இளநிலை அதிகாரியாகப் பதவி உயர்ந்தவருக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது எண் கொடுப்பார்கள். சிப்பாயாக இருந்தபோது வாங்கிய பதக்கத்தில் பழைய எண்தான் இருக்கும். அதனால் கிடைக்கும் எண்களை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவப் பதிவு அலுவலகம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வெலிங்டன் என்று நினைத்து அங்கேயே கடிதம் போடுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் மட்டுமே வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) என்றால் செகந்திராபாத், மருத்துவப் படை என்றால் லக்னோ. மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என நெருங்கிய உறவினர் பெயரில், உறவைக் காட்டும் சான்றின் நகலோடு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் சரியான மேசைக்குப் போகும். ஊர் நற்பணி மன்றத்தின் பெயரில் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. தாமதமும் கூடாது: ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்கும், ஓய்வூதியர்களுடையதை 50 ஆண்டுக்கும் மேல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அதற்குப் பிறகு எஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேட்டில் இருக்கும் ஒரு வரிதான். அந்த ஒரு வரியைத் தேடவும் எண் வேண்டும்.

நம் மாவட்டப் பிரிவினைகளும் குழப்பம் தரும். ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது. நாமக்கல் 1997 வரை சேலத்தில், கரூர் 1995 வரை திருச்சியில். 1965இல் இறந்த தாராபுரம்காரரைத் திருப்பூர் மாவட்டம் என்று போட்டுத் தேடினால் கிடைக்க மாட்டார். "கோயம்புத்தூர் மாவட்டம், தாராபுரம் தாலுகா" என்று தேட வேண்டும். அதோடு ஒரே பெயரில் பத்துப் புதூர், பத்து வலசு. வீதிக்கு நாலு பழனிசாமி. ஆங்கிலப் பதிவில் அந்தப் பழனிசாமி ஒற்றைச் சொல்லாகவோ, பழனி தனி சாமி தனியாகவோ, இனிஷியல் முன்னாலோ பின்னாலோ இருப்பார். தகப்பனார் பெயரும் தபால் அலுவலகத்தின் பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே இவர்தான் என்று முடிவுகட்ட வேண்டும். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், விடுதலைக்குப் பின் உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தியாகச் சக்கரம் எனும் வட்டச் சுவர்களில் கருங்கல்லில் உள்ளன, இணையத்திலும் தேடலாம். மத்திய ரிசர்வ் போலீஸ்காரரை அங்கே தேடிவிட்டு "எங்கள் பையனை விட்டுவிட்டார்கள்" என்று வருந்துபவர்கள் உண்டு. காவல் படையினருக்கு 2018இல் தனியாகத் தேசியக் காவலர் நினைவிடம் திறந்திருக்கிறார்கள், அங்கே பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பாத தாத்தாக்களைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் வருவார்கள். ரங்கூன் அருகே தாவ்க்யானில் மட்டும், கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன.

இலங்கைக்கு 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் போய் இறந்தவர்களின் பெயரை எழுதச் சில ஊர்களில் தயங்குகிறார்கள். அரசியலில் யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் இருக்கட்டும். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன பையன் அவன். அவன் தாயும் இந்த ஊரில்தான் அழுதாள். அந்தப் பெயர் விடுபடக் கூடாது.

காகிதத்தில் இல்லாததைச் சொல்லக்கூடியவர்கள் உடன் நின்ற தோழர்கள். 1965இல் 20 வயதில் இருந்தவருக்கு இன்று 80 தாண்டிவிட்டது. 1971க்குப் போனவர்களில் இளையவருக்கே 70க்கு மேல். அவர்களிடம் கேட்டு எழுதுவதில் நிதானம் வேண்டும். காலை நேரத்தில் போங்கள். இரவில் கிளறினால் அவருக்குத் தூக்கம் போகும். வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்கள் பலருக்குக் காது மந்தம். எந்தக் காது கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். டிவியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, போனை ஒரு முழத் தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள். எடுத்த எடுப்பில் சண்டையைக் கேட்காமல், எங்கே ஆளெடுத்தார்கள், பயிற்சியில் பக்கத்துக் கட்டிலில் யார், படைப்பிரிவுக்குள் எந்தக் கம்பெனி, அதில் எந்த பிளாட்டூன், எந்த ரயில் நிலையத்தில் இறங்கினார்கள் என்று வரிசையாக வாருங்கள்.

இடத்தின் பெயர் மறந்திருந்தால் வயலைக் கேளுங்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் எந்த மண்ணில் என்ன பயிர் நின்றது என்பது இவர்களுக்கு மறப்பதில்லை. ஆள் உயரக் கரும்புக்குள் டாங்கி புகுந்தது என்றால் அது 1965 செப்டம்பர், பஞ்சாப். ஆறு ஆறாகக் கடந்தோம் என்றால் 1971 டிசம்பர், கிழக்கு வங்கம். இந்தக் குறிப்பை ரெஜிமென்ட்டின் போர்ப் பெருமைப் பட்டியலோடு, அதாவது அது சிறப்பாகப் போரிட்டதாக அங்கீகரிக்கப்பட்ட இடங்களின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு 1965இல் காளிதார், மகாராஜ்கே. 1971இல் சிராமணி, பசந்தர் ஆறு. ஐம்பது ஆண்டு கழித்து இரண்டு நண்பர்களின் மரணம் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடும். அது பொய் அல்ல, நினைவின் இயல்பு. அதே பிரிவில் இருந்த இன்னொருவரிடம், முதலாமவர் சொன்னதைச் சொல்லாமல், தனியாகக் கேட்டால் தெளியும். பிரிவின் ரெய்சிங் டே (பிரிவு தொடங்கிய நாள்) கூடுகைகளில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள்.

"எத்தனை பேரைச் சுட்டீர்கள்" என்று பிள்ளைகளைக் கேட்கவிடாதீர்கள். பேச்சு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். அன்றைக்கு அது போதும், இன்னொரு நாள் வரலாம். அவர் கண் கலங்குவதை வாட்ஸ்அப்பில் போடுவது பெரும்பாவம். தோழனின் உடல் சிதைந்த விவரத்தைச் சொன்னால் அதைத் தனித்தாளில் எழுதி மூடி வையுங்கள். அந்தக் குடும்பம் கேட்காமல் அது வெளியே வரக் கூடாது.

கல்லைப் பற்றி: பளிங்கு வேண்டாம், வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு பொரிந்து எழுத்து போய்விடும். கருங்கல்லில் லேசர் செதுக்கல் மலிவு, ஆனால் எழுத்து ஆழமில்லாமல் வெறும் வெள்ளைத் தடமாக நிற்கும். மாலையும் எண்ணெயும் பட்டால் மங்கிவிடும். உளி எழுத்தே நல்லது. திருமுருகன்பூண்டியில் சொன்னால் வெட்டித் தருவார்கள். எழுத்து ஒரு அங்குல உயரத்துக்கும் 3 மி.மீ. ஆழத்துக்கும் குறையாமல் கேளுங்கள். பெயிண்ட் உதிர்ந்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம். சுவரில் பதிக்கும்போது இரும்புக் கொக்கி போட்டால் அது துருப்பிடித்து ஊதிக் கல்லையே பிளக்கும். பித்தளையோ எவர்சில்வரோ போடுங்கள். வெட்டும் முன் முழு அளவுத் தாளில் எழுதி, குடும்பத்தில் ஒருவரும் பதிவு அலுவலகம் அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்த ஒருவரும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டிய பிறகு திருத்த வழியில்லை. திறந்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். சந்தனம் குங்குமத்தை எழுத்தின் மேல் அப்பாமல் மேல் விளிம்பில் வையுங்கள்.

நால்ரோட்டில் நட்ட கல் சாலை விரிவாக்கத்தில் முதலில் போகும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சி அலுவலக வளாகத்திலோ பள்ளி வளாகத்திலோ வையுங்கள். திறப்பு நாளில் மறைந்தவரின் பதக்கத்தை அணிந்து வரும் குடும்பத்தார் அதை வலது மார்பில் குத்த வேண்டும். இடது மார்பு பதக்கம் வாங்கியவருக்கே உரியது. மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் எனும் விடைகொடுக்கும் ஊதுகொம்பு இசை, இரண்டு நிமிட மௌனம், ரவுஸ் எனும் துயிலெழுப்பும் ஊதுகொம்பு இசை. இந்த வரிசை முடிந்த பிறகு பேச்சுகளை வைத்துக்கொள்ளலாம். மௌனத்தின் நடுவே ஒலிபெருக்கியில் "அடுத்ததாக" என்று அறிவிப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தி வெளியிடும்போது "ராணுவ வீரர்" என்று மட்டும் போடாமல் பதவி, படைப்பிரிவு, இறந்த இடம், தேதி ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் போடும்படி நிருபர்களிடம் சொல்லுங்கள். ஊர்க்காரர்களால் சொல்ல முடியவில்லை என்றால், கல் வெட்டும் முன்பே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்படி அவர்களை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.